11 புள்ளி, இடுக்குப் புள்ளி, 1 வரை

ஆடு புலி ஆட்டம், பல்லாங்குழி, தாயம் பற்றியெல்லாம் நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்று எழுதப் போவது நம் ஊர் ஆட்டம் அல்ல. டென்மார்க்கில் ஒரு தடவையும் அமெரிக்காவில் இன்னொரு தடவையும் பிறந்த ஆட்டம். பெயர் ஹெக்ஸ். ஆனால் நம் ஊர் வாசலில் பிறந்திருக்க வேண்டியது என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பது பலகையைப் பற்றிச் சொன்னதும் உங்களுக்கே தெரியும். இரண்டு வருடமாக நாங்கள் இருவரும் அநேகமாக தினமும் சாயங்காலம் காபிக்குப் பிறகு இதைத்தான் ஆடுகிறோம்.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்குப் பலகையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். 11 புள்ளி, இடுக்குப் புள்ளி, 1 வரை. அவ்வளவுதான்.

கோலம் தெரியாத ஆண்பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விரிவாக: நடு வரிசையில் 11 புள்ளி. அதற்கு மேலே, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் ஒவ்வொன்றும் வருகிற மாதிரி 10. அதற்கு மேலே 9. இப்படியே குறைத்துக்கொண்டு போனால் உச்சியில் ஒற்றைப் புள்ளி. கீழேயும் அப்படியே. எண்ணிப் பாருங்கள், மொத்தம் 121. சாய்சதுரம் கிடைக்கும். நாலு பக்கம், பக்கத்துக்கு 11 புள்ளி. உள்ளே எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதைச் சுற்றி ஆறு புள்ளிகள். வெளிநாட்டில் விற்கிற பலகையில் புள்ளிக்குப் பதில் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டம் போட்டிருப்பார்கள். விஷயம் ஒன்றுதான்.

இனி விதி. எதிரெதிரான இரண்டு பக்கங்கள் எனக்கு, மற்ற இரண்டும் உங்களுக்கு. என் காய் சோழி, உங்கள் காய் புளியங்கொட்டை என்று வைத்துக்கொள்வோம். மாற்றி மாற்றி ஆளுக்கு ஒரு காய், காலியாக உள்ள எந்தப் புள்ளியில் வேண்டுமானாலும் வைக்கலாம். வைத்த காயை நகர்த்தக் கூடாது. வெட்டு கிடையாது. அடுத்தடுத்த புள்ளிகளில் சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டு போய், தன் ஒரு பக்கத்தையும் எதிர்ப் பக்கத்தையும் யார் முதலில் இணைக்கிறாரோ அவருக்கு ஜெயம். சங்கிலி நேராகப் போக வேண்டும் என்று இல்லை, எப்படி வளைந்து போனாலும் சரி. மூலையில் இருக்கிற புள்ளி இரண்டு பேர் பக்கத்துக்கும் பொது. விதி இத்தோடு முடிந்தது. பேரப் பிள்ளைக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

எனக்கு இது அறிமுகமானது 1978-ல், ஜபல்பூரில் இருந்த தொலைபேசித் துறைப் பயிற்சி மையத்தில். கல்கத்தாக்காரர் ஒருவர் என் அறையில் இருந்தார். மார்ட்டின் கார்ட்னர் எழுதிய கணக்குப் புதிர்ப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாளில் கட்டம் போட்டு இதைச் சொல்லித் தந்தார். பகலெல்லாம் வகுப்பில் ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து இன்னொரு எக்ஸ்சேஞ்சுக்கு எப்படி வழி எடுப்பது என்று படித்துவிட்டு, ராத்திரி காகிதத்தில் அதையே விளையாட்டாக ஆடினோம் என்றுதான் சொல்ல வேண்டும். பயிற்சி முடிந்து ஆளுக்கொரு ஊராகப் பிரிந்த பிறகு அந்த ஆட்டமும் மறந்து போனது. 36 வருடம் கேபிளும் ஃபால்ட்டுமாகவே போய்விட்டது.

இந்த ஆட்டத்தின் முதல் தந்திரமே எங்கள் துறைச் சங்கதிதான். நீங்கள் ஒரு காய் வைத்திருக்கிறீர்கள். அதற்கு ஒட்டினாற்போல அடுத்த காயை வைத்தால் ஒரு படிதான் முன்னேறுவீர்கள். அதற்குப் பதில் ஒரு வரிசை தாண்டி, நேர் மேலே இருக்கிற புள்ளியில் வையுங்கள். நடு வரிசையில் இரண்டு புள்ளிகள் காலியாக இருக்கும். அந்த இரண்டுமே உங்கள் இரண்டு காய்களையும் தொட்டுக்கொண்டிருக்கும். எதிராளி ஒன்றை அடைத்தால் நீங்கள் மற்றதை எடுத்துக்கொள்வீர்கள். ஆகவே இடைவெளி இருந்தாலும் அது இணைந்தது மாதிரிதான். முக்கியமான இரண்டு ஊர்களுக்கு நடுவே இரண்டு தனித்தனி ரூட் போட்டு வைப்பது எதற்காக? ரோடு வெட்டுகிறவன் ஒன்றை அறுத்தாலும் இன்னொன்று பேச வேண்டும் என்றுதானே. இதைப் பாலம் என்கிறார்கள். பாலம் பிடிபட்ட அன்றைக்குத்தான் ஹெக்ஸ் பிடிபடும். அதற்கு முன்னால் ஆடுவதெல்லாம் காய் பரப்புவதுதான்.

தடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முன்னேறி வருகிறவருக்கு முன்னால் ஒட்டி நின்று தடுத்தால் அவர் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போய்விடுவார். இரண்டு மூன்று வரிசை தள்ளி முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். இது என் மனைவிக்கு எப்படியோ முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு வரும் போலிருக்கிறது.

இந்த ஆட்டத்தை முதலில் கண்டுபிடித்தவர் பீட் ஹைன் என்ற டென்மார்க்குக்காரர். ஆளே ஒரு விசித்திரக் கலவை. கணக்கு, கவிதை, வடிவமைப்பு என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். ஸ்வீடன் தலைநகரில் ஒரு பெரிய சதுக்கத்துக்கு வட்டமும் இல்லாமல் செவ்வகமும் இல்லாமல் நடுவாந்தரமாக ஒரு வளைவு போட்டுக் கொடுத்தவரும் இவர்தான். 1942 டிசம்பரில் பொலிட்டிகன் என்ற கோபன்ஹேகன் நாளிதழில் இந்த ஆட்டத்தைப் பலகோணம் என்ற பொருளுள்ள பெயரில் வெளியிட்டார். அப்போது டென்மார்க் ஜெர்மனியின் பிடியில் இருந்தது. வெளியே ராணுவம் நிற்கும்போது ஜனங்கள் அச்சடித்த தாள் கட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு பென்சிலால் இதை ஆடியிருக்கிறார்கள்.

ஆறேழு வருடம் கழித்து அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் இதைப் பற்றி எதுவும் தெரியாமல் தானாகவே அதே ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் ஜான் நாஷ். 1994-ல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கிய அதே நாஷ். அவர் வாழ்க்கையை ஆங்கிலப் படமாகக்கூட எடுத்தார்கள், நம்மில் பலர் பார்த்திருப்போம். 2015-ல் நார்வேயில் ஏபெல் பரிசு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி, விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் டாக்ஸி விபத்தில் அவரும் அவர் மனைவியும் சேர்ந்து போய்ச் சேர்ந்தார்கள். பிரின்ஸ்டனில் இந்த ஆட்டத்துக்கு நாஷ் என்றும் ஜான் என்றும் பெயர் இருந்திருக்கிறது. ஜான் என்றால் அமெரிக்கப் பேச்சில் கழிப்பறைக்கும் பெயர். குளியலறைத் தரையில் அறுகோண ஓடு பதித்திருப்பார்கள், அதன்மேல் ஆடினதால் அந்தப் பெயர் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். 1952-ல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற கம்பெனி ஹெக்ஸ் என்று பெயர் வைத்து விற்றது. 1957-ல் கார்ட்னர் சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் எழுதிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

எனக்கு இதில் பிடித்த விஷயம், டிரா கிடையாது என்பது. பலகை முழுக்க நிரம்பினாலும் யாராவது ஒருவர் நிச்சயம் இணைத்திருப்பார். இருவரும் இணைப்பதும் நடக்காது, இருவருமே இணைக்காமல் போவதும் நடக்காது. ஆற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கரைக்குக் கரை அணை கட்டுகிறார். இன்னொருவர் தண்ணீர். அணை முழுசாக நின்றால் தண்ணீர் போகாது. அணையில் எங்காவது ஓட்டை இருந்தால் தண்ணீர் போய்விடும். இரண்டில் ஒன்று. இது பார்க்கத்தான் சாதாரணம். டேவிட் கேல் என்ற கணிதப் பேராசிரியர், இதை வைத்தே பிரௌவர் தேற்றம் என்கிற ஒரு பெரிய தேற்றத்தை நிரூபிக்கலாம் என்று 1979-ல் காட்டினார்.

சதுரக் கட்டத்தில் ஏன் இப்படி ஆட முடியாது என்று கேட்கலாம். சதுரத்தில் ஒரு முனையில் நாலு கட்டங்கள் சந்திக்கின்றன. குறுக்கே எதிரெதிராக உங்கள் காய் இரண்டு, என் காய் இரண்டு நின்றால் இருவருமே முட்டிக்கொண்டு நிற்போம், யாருக்கும் வழி இல்லை. அறுகோணத்தில் ஒரு முனையில் மூன்று கட்டங்கள்தான். முட்டுக்கட்டைக்கு இடமே இல்லை.

இன்னொரு விஷயமும் நாஷ் நிரூபித்தார். முதலில் ஆடுகிறவர் சரியாக ஆடினால் அவர்தான் ஜெயிப்பார். எப்படி ஆட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, ஜெயிக்க ஒரு வழி இருக்கிறது என்று மட்டும் காட்டினார். அந்த வாதம் அழகானது. இரண்டாவதாக ஆடுகிறவருக்கு நிச்சய ஜெயத்துக்கு ஒரு வழி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதல் ஆட்டக்காரர் எங்கேயோ ஒரு காயைச் சும்மா போட்டுவிட்டு, அதற்குப் பிறகு தன்னையே இரண்டாவது ஆள் என்று நினைத்துக்கொண்டு அந்த வழியைக் கையாளலாம். கூடுதலாகக் கிடக்கிற காய் இந்த ஆட்டத்தில் ஒருபோதும் கெடுதல் செய்யாது. அந்த இடத்திலேயே வைக்க வேண்டி வந்தால், ஏற்கெனவே இருக்கிறது என்று விட்டுவிட்டு வேறு எங்காவது ஒன்றைப் போட்டால் போயிற்று. ஆக இருவருக்குமே நிச்சய ஜெயம் என்று ஆகிவிடும். அது நடக்காத காரியம். எனவே இரண்டாவது ஆளுக்கு அப்படி ஒரு வழி இருக்கவே முடியாது. டிராவும் இல்லை என்பதால் வழி முதல் ஆளுக்குத்தான்.

வழி இருக்கிறது என்று தெரியும், வழி என்ன என்று தெரியாது. சின்னப் பலகைகளுக்குக் கணினி விடை கண்டிருக்கிறது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 9-க்கு 9 பலகையில் முதல் காய் எங்கே வைத்தால் யார் ஜெயிப்பார்கள் என்று புள்ளிக்குப் புள்ளி சொல்லிவிட்டார்கள். பலகை கொஞ்சம் பெரிதானாலும் கணக்கு மலைபோல் ஏறிவிடுகிறது. அதனால் வீட்டில் ஆடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் முதல் ஆளுக்குச் சாதகம் என்பது வீட்டு ஆட்டத்திலும் தெரியும். நடுப் புள்ளியில் ஒரு காயைப் போட்டால் எதிராளிக்கு மூச்சு முட்டும். இதைச் சரிக்கட்ட ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையே அந்த விதிக்காகத்தான் எழுதுகிறேன். முதல் ஆள் ஒரு காய் வைக்கிறார். இரண்டாவது ஆள் அதைப் பார்த்துவிட்டு, அந்த இடம் நன்றாக இருக்கிறது என்று நினைத்தால் அந்தப் பக்கத்தையே தனக்கு எடுத்துக்கொள்ளலாம். முதல் ஆள் இப்போது மற்ற பக்கத்துக்காரர் ஆகிவிடுவார். ஒரே ஒரு தடவை, அந்த முதல் காய்க்கு மட்டும். இதனால் முதல் ஆள் நடுவில் வைக்க மாட்டார், வைத்தால் பிடுங்கப்படும். ரொம்ப மோசமான இடத்திலும் வைக்க மாட்டார். உச்சியில் இருக்கிற ஒற்றைப் புள்ளியில் முதல் காய் வைத்தால் தோல்விதான் என்று நிரூபணமே இருக்கிறது. அங்கே வைத்தால் எதிராளி சிரித்துக்கொண்டே அவர் தலையில் விட்டுவிடுவார். இரண்டில் எது தனக்கு வந்தாலும் சம்மதம் என்கிற மாதிரி ஒரு இடத்தைத் தேடி வைக்க வேண்டும்.

வெள்ளைக்காரர்கள் இதற்குப் பணியார விதி என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பணியாரம் என்றால் ஒருவன் வெட்ட வேண்டும், மற்றவன் எடுக்க வேண்டும். இதை நான் என் மனைவிக்கு விளக்க ஆரம்பித்தபோது பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"இது எங்க அப்பாவும் சித்தப்பாவும் நிலம் பிரிச்சுக்கிட்ட மாதிரிங்க" என்றாள்.

அவள் பிறந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். மூத்தவர் பங்கு போட வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும் என்பது அங்கே பல குடும்பங்களில் வழக்கம். என் மாமனார்தான் மூத்தவர். தலைமடைப் பக்கம் கொஞ்சம், கடைமடைப் பக்கம் கொஞ்சம் என்று நிலம் இரண்டு இடத்தில் கிடந்தது. தலைமடையில் தண்ணீர் தப்பாமல் வரும். கடைமடையில் வந்தால் உண்டு. சரிபாதியாகப் பிரித்தால் அது சரிபாதி ஆகாது. என் மாமனார் பல ராத்திரி அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாராம். கடைசியில் தலைமடையில் 11 மா ஒரு பங்கு, கடைமடையில் 13 மாவும் களத்து மேடும் ஒரு பங்கு என்று எழுதினார். களத்து மேட்டை இந்தப் பக்கம் சேர்ப்பதா அந்தப் பக்கம் சேர்ப்பதா என்று மட்டும் ஒரு வாரம் யோசித்திருக்கிறார். பெரியவர்கள் நாலு பேர் முன்னால் சீட்டை வைத்ததும் சித்தப்பா ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கடைமடையை எடுத்தார். பம்பு செட்டு போடலாம் என்று அவருக்கு மனதில் ஒரு கணக்கு. மாமனாருக்குத் தலைமடை. இரண்டு பேரும் கடைசிவரை ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் முன்னால் நின்றார்கள். கோர்ட் வாசலை மிதிக்கவில்லை.

"அப்பா சொல்வாரு, எனக்கு எது வந்தாலும் ராத்திரி தூக்கம் வரணும், அப்படிப் பிரிச்சேன்னு" என்றாள் என் மனைவி.

கணிதப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் விளக்குவதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து முதல் காய் வைப்பதில் என்னைவிட அவள் கெட்டிக்காரி. விளிம்பை ஒட்டி ஏதோ ஓர் இடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். எடுப்பதா விடுவதா என்று எனக்குக் காபி ஆறிவிடும்.

இந்த ஆட்டம் எங்கள் வீட்டுக்கு வந்த காரணத்தைச் சொல்லாமல் விட்டால் அரைகுறையாக இருக்கும். இரண்டு வருடம் முன்பு ஒரு நாள் காலை அவளுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்து இல்லாமல் வீடு வந்து சேர்ந்தாள். பேச்சு இரண்டு மாதத்தில் திரும்பிவிட்டது, நடையும் பரவாயில்லை. வலது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. மூட்டுவரை அசையும், விரல் பிடிக்காது. நாற்பது வருடத்துக்கு மேல் தினமும் வாசலில் கோலம் போட்ட கை அது. பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண், நல்ல பொறுமை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சின்னச் சின்னச் சாமான்களை எடுத்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு நூறு தடவையாவது செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குச் சோழி மாற்றுகிற வேலை. நாலு நாள் செய்தாள். ஐந்தாம் நாள் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டாள். "நான் என்ன சின்னக் குழந்தையா" என்று கோபம். கோபம் நியாயம்தான். 68 வயதில் ஒரு மனுஷியை உட்கார வைத்துச் சோழி எண்ணச் சொன்னால் யாருக்கும் வரும். மகன் பெங்களூரிலிருந்து ஃபோனில் கெஞ்சிப் பார்த்தான். மகள் வந்து ஒரு வாரம் இருந்தாள். கிண்ணம் தள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜபல்பூர் ஞாபகம் வந்தது. பல்லாங்குழிக்கு அள்ள வேண்டும், தாயத்துக்கு உருட்ட வேண்டும். கிள்ளி எடுத்து ஓர் இடத்தில் குறி பார்த்து வைக்க வேண்டிய ஆட்டம் இதுதான் என்று தோன்றியது. வெள்ளைச் சார்ட் பேப்பர் வாங்கிவந்து ஸ்கேல் வைத்துப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலில் சாய்ந்தபடியே எட்டிப் பார்த்து, "பதினொரு புள்ளி, இடுக்குப் புள்ளி, ஒண்ணு வரைக்கும். எதுக்குங்க?" என்றாள். வெகு நாளைக்குப் பிறகு அவளாகக் கேட்ட கேள்வி.

முதல் ஆட்டம் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. சோழி கையிலிருந்து நழுவி நழுவி விழும். நான் எடுத்துக் கொடுக்கப் போனால் முறைப்பாள். ஒரு ஆட்டத்துக்கு அவள் பங்கு முப்பது காய் வைத்துக்கொள்ளுங்கள், மூன்று ஆட்டம் ஆடினால் பிசியோதெரபிஸ்ட் சொன்ன கணக்குக்கு அருகில் வந்துவிடும். தோற்றால் இன்னொரு ஆட்டம் என்பாள். ஜெயித்தாலும் இன்னொன்று என்பாள். எட்டு மாதம் கழித்துச் சோழி எனக்கு வந்தது, அவள் புளியங்கொட்டைக்கு மாறினாள். போன பொங்கலிலிருந்து உடைக்காத துவரை. அதுவும் பிடிபட்டுவிட்டது. ஊசியில் நூல் கோப்பது இன்னும் வரவில்லை. கணக்குக்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறோம், அதில் யார் முன்னால் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

கணினி, தகவல் என்று இன்று பேசுகிற எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்ட கிளாட் ஷானனுக்கும் இந்த வகை ஆட்டங்கள் மேல் ஒரு பைத்தியம் உண்டு. அவர் பெல் ஆய்வகத்துக்காரர், அதாவது எங்கள் தொலைபேசி ஜாதி. அவர் செய்த ஒரு குறும்பு: பலகையை 7-க்கு 8 என்று சமமில்லாமல் செய்து, தூரம் குறைவான பக்கத்தை ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார். ஒரு புள்ளி வித்தியாசத்தில் அந்தப் பக்கத்துக்கு எப்போதும் ஜெயம். எதிராளி எங்கே வைக்கிறாரோ அதற்கு ஜோடியான ஒரு புள்ளி இருக்கும், அங்கே வைத்தால் போதும், யோசிக்கவே வேண்டாம். விருந்தாளிகளுக்குப் பலகை சமமில்லை என்பது கண்ணில் படாது. உடனே பதில் சொன்னால் சந்தேகம் வருமே என்று, இயந்திரம் சில விநாடி யோசிக்கிற மாதிரி பாவனை செய்யவும் ஒரு சர்க்யூட் வைத்திருந்தாராம். விடுமுறைக்கு வருகிற பேரனிடம் இந்த வித்தையைக் காட்ட வேண்டும் என்று 11-க்கு 12 பலகை ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறேன்.

ஹெக்ஸுக்குச் சொந்தபந்தம் நிறைய. ஷானன் யோசித்த ஒய் என்ற ஆட்டம் முக்கோணப் பலகையில், மூன்று பக்கத்தையும் ஒரே சங்கிலியால் தொட வேண்டும், இருவருக்கும் அதே மூன்று பக்கம்தான். விதி ஹெக்ஸைவிடவும் சின்னது. டேவிட் கேல் கண்டுபிடித்த பிரிட்ஜிட் 1960-ல் கடைக்கு வந்தது. ஆலிவர் கிராஸ் என்பவர் முதல் ஆள் எப்போதும் ஜெயிக்க ஒரு எளிய ஜோடி முறை கண்டுபிடித்துவிட்டார், அது தெரிந்தவர்களுக்கு ஆட்டத்தில் உயிர் போய்விட்டது. அலெக்ஸ் ராண்டால்ஃப் உருவாக்கிய ட்விக்ஸ்ட் 24-க்கு 24 துளைப் பலகை, சதுரங்கக் குதிரை நடையில் முளைகளை இணைத்துக்கொண்டு போக வேண்டும், ஒரு இணைப்பை இன்னொன்று தாண்டக் கூடாது. இதில் டிரா வரலாம். அதனாலேயே எனக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம் இல்லை.

ஹெக்ஸையே தலைகீழாகவும் ஆடலாம். இணைத்தவர் தோற்றார். பக்கத்துக்கு இரட்டைப்படைப் புள்ளி என்றால் முதல் ஆளுக்கும், ஒற்றைப்படை என்றால் இரண்டாவது ஆளுக்கும் ஜெயம் என்று நிரூபித்திருக்கிறார்கள். ஒரு மழை நாளில் ஆடிப் பார்த்தோம். ஒருவரை ஒருவர் வலுக்கட்டாயமாக ஜெயிக்க வைக்கிற ஆட்டம். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது.

இப்போது எங்கள் கவனம் ஹவன்னா என்ற ஆட்டத்தின் மேல். ஹாலந்துக்காரர் கிறிஸ்டியன் ஃப்ரீலிங் உருவாக்கியது. இது அறுகோணப் பலகை. மூன்று விதமாக ஜெயிக்கலாம். ஏதாவது இரண்டு மூலையைச் சங்கிலியால் இணைக்கலாம். அல்லது மூன்று பக்கங்களை இணைக்கலாம், இதில் மூலையைப் பக்கமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. அல்லது வளையம் போடலாம், நடுவில் ஒரு புள்ளியையாவது சுற்றி வளைத்து. அந்தப் புள்ளி காலியாக இருந்தாலும் சரி, யார் காய் அதில் இருந்தாலும் சரி. கணினியால் இதில் தன்னை வெல்ல முடியாது என்று ஃப்ரீலிங் 2002-ல் 1000 யூரோ பந்தயம் கட்டினார். பத்து ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்தால் போதும், பத்து வருடம் அவகாசம் என்றார். 2012-ல் பந்தயம் அவர் கையை விட்டுப் போய்விட்டது.

ஹவன்னா பலகையின் படத்தை டேப்லெட்டில் காட்டினேன். பக்கத்துக்கு எட்டுக் கட்டம் உள்ள பலகை. பார்த்த மாத்திரத்தில், "பதினஞ்சு புள்ளி, இடுக்குப் புள்ளி, எட்டு வரைக்கும்" என்றாள். மார்கழியில் எத்தனையோ தடவை வாசலில் போட்டது. வளையம் போட்டால் ஜெயம் என்றதும் அவளுக்கு ரொம்ப சந்தோஷம், புள்ளியைச் சுற்றி வளைக்கிறதைத்தானே இத்தனை நாளாகச் செய்தேன் என்றாள்.

ஸ்கேலும் பேனாவுமாக நான் உட்கார்ந்தேன். பேனாவை வாங்கிக்கொண்டு, "இந்தத் தடவை புள்ளியை நானே வைக்கிறேங்க" என்றாள். வலது கையால்தான். மொத்தம் 169 புள்ளி. ஒரு நாளைக்கு ஒரு வரிசைக்கு மேல் முடியவில்லை, மணிக்கட்டு வலிக்கிறது. நடு வரிசையும் அதற்கு மேலும் கீழும் இரண்டிரண்டு வரிசையும் ஆகியிருக்கின்றன. இன்னும் 100 புள்ளி இருக்கிறது.